கம்பெனியாக மாற்றினால் என் வீடு தப்புமா?

கேள்வி: ஏ.சி. பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். என் ஒருவன் பெயரில்தான் நடத்துகிறேன். இரண்டு பேர் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். சென்ற மாதம் அவர்களில் ஒருவர் தண்ணீர் வடியும் குழாயைச் சரியாக மாட்டாமல் வந்துவிட்டார். இரவெல்லாம் கசிந்து, கீழ்வீட்டுக் கூரை, மர அலமாரி, கம்ப்யூட்டர் எல்லாம் நாசம். கைப்பணம் கொடுத்துச் சமாளித்தேன். இதைவிடப் பெரிதாக ஏதாவது நடந்தால் வீடும் சேமிப்பும் போய்விடுமோ என்று தூக்கம் வரவில்லை. பிரைவேட் லிமிடெட் ஆக்கிவிட்டால் போதுமா, காப்பீடும் வேண்டுமா?

பதில்: காப்பீடு முதலில், கம்பெனி அப்புறம். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இன்றைய நிலையில் தொழிலும் நீங்களும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். நஷ்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தால் தொழில் கணக்கில் இருப்பதோடு நிற்காது. வீடு, வைப்புத்தொகை வரை நீளலாம். தவறு செய்தது உங்கள் ஆள்தானே என்ற வாதமும் எடுபடாது. வேலை நேரத்தில், வேலையின் பகுதியாக ஊழியர் செய்த கவனக்குறைவுக்கு முதலாளியும் பொறுப்பு.

கீழ்வீட்டுக்காரர் உங்கள் வாடிக்கையாளரே இல்லையே, அவர் எப்படிக் கேட்கலாம் என்று தோன்றலாம். இதற்கு விடை தந்த வழக்கு ஒன்று உண்டு. 1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு பெண், தோழி வாங்கிக் கொடுத்த ஜிஞ்சர் பீரைக் குடித்தார். பாட்டிலில் அழுகிய நத்தை இருந்தது, அதனால் உடம்பு கெட்டது என்று தயாரிப்பாளர் மீது வழக்குப் போட்டார். பாட்டிலை வாங்கியது அவர் இல்லை. தயாரிப்பாளரோடு எந்த ஒப்பந்தமும் இல்லை. ஆனாலும் தன் கவனக்குறைவால் யாருக்குப் பாதிப்பு வரும் என்று ஊகிக்க முடிகிறதோ, அவர்கள் விஷயத்தில் கவனமாக இருக்கும் கடமை உண்டு என்று 1932-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த நாடுகளில் கவனக்குறைவு வழக்குகளுக்கு அதுதான் அடித்தளம். மேல்வீட்டில் குழாய் மாட்டுகிறவருக்குக் கீழ்வீடு தெரிந்திருக்க வேண்டும்.

சரி, கம்பெனி. கம்பெனி வேறு, அதன் உரிமையாளர் வேறு என்பது 1896-இல் அதே பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த சாலமன் வழக்கிலேயே உறுதியாகிவிட்டது. கம்பெனியின் கடனுக்கும், ஊழியர் செய்த தவறுக்கும் அந்தச் சுவர் பெரும்பாலும் உங்கள் வீட்டைக் காக்கும். ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள். நீங்களே ஸ்பேனரைப் பிடித்துச் செய்த வேலையில் தவறு என்றால் கம்பெனியோடு உங்கள் மீதும் தனிப்பட்ட முறையில் வழக்குப் போடலாம். உங்களைப் போல் தாமே களத்தில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு இது சின்ன ஓட்டை இல்லை. அடுத்து, சிறு கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி பெரும்பாலும் உரிமையாளரிடம் ஜாமீன் கையெழுத்து கேட்கும். கையெழுத்துப் போட்டால் அந்தக் கடனைப் பொறுத்தவரை சுவர் இல்லை.

அதனால்தான், உங்கள் வேலையால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்கும் நஷ்டஈடு தரும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டை முதலில் சொல்கிறேன். எவ்வளவு தொகைக்கு? ஆண்டு வருமானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வேலையால் நேரக்கூடிய மிக மோசமான சேதத்தை நினைத்துப் பாருங்கள்: வெளிச்சுவரில் மாட்டிய யூனிட் பெயர்ந்து ஒருவர் மேல் விழுவது, வயரிங் கோளாறில் ஒரு தளமே எரிவது. தொகை அதற்கு ஈடாக இருக்கட்டும். பிரீமியத்தைக் குறைக்க வேண்டுமானால், ஒவ்வொரு கிளைமிலும் நீங்கள் ஏற்கும் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். சென்ற மாதம் போன்ற செலவைக் கையிலிருந்து கொடுத்துவிடலாம். ஓர் உயிருக்கான நஷ்டஈட்டை முடியாது.

பாலிசியில் விலக்குகள் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் பழுது பார்த்துக்கொண்டிருந்த அதே ஏ.சி. கெட்டுப்போனால் அதற்குப் பணம் தராத பாலிசிகள் ஏராளம். சுற்றியிருப்பவற்றுக்கு மட்டுமே தரும். வக்கீல் செலவு காப்பீட்டுத் தொகைக்குள் அடங்குமா, தனியா என்று கேளுங்கள். உள்ளே அடங்கினால் வழக்கு இழுக்க இழுக்க நஷ்டஈட்டுக்கு மிஞ்சுவது குறையும். உங்கள் ஆட்களுக்கு வேலையில் அடிபட்டால் இந்தப் பாலிசி பொதுவாக உதவாது, அதற்குத் தனியாக எடுக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் பழைய சம்பவங்களைக் கேட்டால் சென்ற மாதக் கசிவை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால், பெரிய கிளைம் வரும் நாளில் பாலிசியே செல்லாது என்று சொல்லிவிடலாம். கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்த பணத்துக்கு, இந்தச் சேதத்துக்கான முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி வாங்கினீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே மரியாதையாகக் கேட்டு வாங்குங்கள்.

யாராவது பயமுறுத்தினால் வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிடும் யோசனை வரும். வேண்டவே வேண்டாம். கோரிக்கை வந்த பிறகு, அதிலிருந்து தப்பிக்கச் செய்த சொத்து மாற்றத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். உங்கள் நேர்மையும் சந்தேகத்துக்குள்ளாகும்.

காப்பீடு எடுத்த பின் இன்னொரு விபத்து நடந்தால், முதலில் சேதம் பரவாமல் நிறுத்துங்கள், படம் எடுங்கள், அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பாதிக்கப்பட்டவரிடம் அன்பாகப் பேசுங்கள். ஆனால் முழுப் பொறுப்பும் என்னுடையது என்று காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் எழுதிக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுப்பதைப் பல பாலிசிகள் தடை செய்கின்றன.

நாளை முதல் காசு செலவில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் கிளம்பும் முன் ட்ரேயில் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றி, குழாயின் மறுமுனையில் ஒழுகாமல் வந்து சேர்கிறதா என்று உங்கள் ஆள் பார்க்கட்டும். அதைத் தேதியோடு படம் எடுத்து, வாடிக்கையாளரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளட்டும். வழக்கு என்று வந்தால், எடுக்க வேண்டிய கவனத்தை எடுத்தீர்கள் என்பதற்கு அந்தப் படமும் கையெழுத்தும்தான் சாட்சி.