சின்ன எஞ்சின் எது? படகுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

தூண்டில் படகுக்குத் துணை எஞ்சின் வாங்குவது பற்றி டர்பனிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, எங்களிடம் 5.5 மீட்டர் ஃபைபர் படகு இருக்கிறது. பின்னால் 115 எச்.பி. ஃபோர்-ஸ்ட்ரோக் ஒன்றுதான். டர்பன் துறைமுக வாய் வழியாக வெளியே போய் கூட்டா மீனுக்குத் தூண்டில் இழுக்கிறோம். எவ்வளவு குறைத்து வைத்தாலும் படகு 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) வேகத்துக்குக் கீழே வர மாட்டேன் என்கிறது; உயிர் இரை சுழன்று சுழன்று செத்துப்போகிறது. பக்கத்தில் மாட்ட ஒரு சின்ன எஞ்சின் பார்க்கிறோம். மச்சான் 15 எடு என்கிறார், கடைக்காரர் 6 போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். உங்கள் படகுக்கு 8 அல்லது 9.9 எச்.பி. சரியாக இருக்கும்.

நீரில் எழும்பிச் சறுக்காமல், நீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகுக்கு ஒரு வேக எல்லை உண்டு. நீரில் படியும் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் அது நாட் கணக்கில் வரும். உங்கள் படகு நீரில் சுமார் 5 மீட்டர் படியும் என்று வைத்தால் 5.4 நாட். 8 எச்.பி.யே அமைதியான கடலில் அதை எட்டிப் பிடித்துவிடும். 15 போட்டால் படகு எழும்பப் போவதில்லை. பின்பக்கம் இன்னும் தாழும், பெட்ரோல் கூடுதலாக எரியும், அவ்வளவுதான். 6 எச்.பி. காற்றில்லாத காலையில் நன்றாகவே இழுக்கும். மதியம் வடகிழக்குக் காற்று பிடித்தபின் மூக்கைக் காற்றுக்கு எதிரே நிறுத்தத்தான் திணறும்.

எச்.பி.யைவிட முக்கியமானவை இரண்டு: கியர் விகிதமும் தண்டின் நீளமும்.

ஒரே 9.9 என்ற எண்ணில் இரண்டு வகை விற்பார்கள். உதாரணமாக யமஹாவில் சாதாரண எஃப்9.9-இன் கியர் விகிதம் 2.08:1, டி9.9 என்னும் ஹை திரஸ்ட் வகையில் 2.92:1. இரண்டாவதில் எஞ்சின் ஏறக்குறைய மூன்று சுற்று சுற்றினால்தான் புரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்றும். அதனால் பெரிய விட்டமும் குறைந்த பிட்ச்சும் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள புரொப்பெல்லரை மாட்ட முடிகிறது. கனமான படகை மெதுவாகத் தள்ள அதுதான் வேண்டும். சாதாரண வகை ரப்பர் படகுக்கு ஏற்றது; ஒரு டன்னுக்கு மேல் கனக்கும் ஃபைபர் படகில் அதன் சின்ன புரொப்பெல்லர் தண்ணீரைக் கலக்குமே தவிர வேலை நடக்காது.

தண்டு 15, 20, 25 அங்குலம் என மூன்று அளவில் வரும். பெரிய எஞ்சினுக்கு 20 அங்குலம் இருப்பதால் சின்னதற்கும் அதையே வாங்குகிறவர்கள்தான் அதிகம். தவறு அங்கேதான். சின்ன எஞ்சின் நடுவில் இல்லை, ஓரத்தில், அதுவும் பிராக்கெட்டில் சற்றுப் பின்தள்ளி உட்காருகிறது. மீன் மாட்டியதும் எல்லோரும் மறுபக்கம் ஓடுவார்கள். படகு சாயும், புரொப்பெல்லர் வெளியே வந்து காற்றைக் குடிக்கும், எஞ்சின் அலறும். பிராக்கெட்டை முழுவதும் இறக்கிவிட்டு, எஞ்சின் தொங்கும் விளிம்பிலிருந்து அதே இடத்தின் படகடி வரை அளந்து பாருங்கள். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு படகடிக்கு 5 செ.மீ.யாவது கீழே நிற்க வேண்டும். பெரும்பாலும் 25 அங்குலம் என்றுதான் முடியும்.

எடை 40 முதல் 50 கிலோ வரை வரும். பிராக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் எச்.பி., எடை இரண்டையும் பாருங்கள். ஃபோர்-ஸ்ட்ரோக்கைத் தாங்காத பழைய பிராக்கெட்டுகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. போல்ட்டுக்கு உள்பக்கம் வெறும் வாஷர் போதாது, அகலமான அலுமினியத் தகடு வையுங்கள். துளைகளுக்குள் மரைன் சீலன்ட் நிரப்பாவிட்டால் பின்பலகையின் மரம் உள்ளுக்குள் ஊறிப்போகும். பெரிய எஞ்சினில் வேகமாகப் போகும்போது சின்னதைத் தூக்கி, பூட்டி, ஒரு பட்டையாலும் கட்டிவிடுங்கள். பூட்டை மட்டும் நம்பினால் ஒவ்வொரு அலைக்கும் 45 கிலோ அந்தப் பிராக்கெட்டில் குதிக்கும்.

தூண்டில் இழுக்கும்போது பெரிய எஞ்சினை நேராக வைத்து நீருக்குள்ளேயே விடுங்கள். அது சுக்கான் பலகை போல வேலை செய்யும், படகு நேர்கோட்டில் போகும். தூக்கிவிட்டால் மூக்கு இடமும் வலமும் அலையும்.

பணத்தை எடுக்கும் முன் ஒரு சோதனை. உங்கள் 115 புதிய மாடல் என்றால், ஐடிலை, அதாவது எஞ்சினின் மிகக் குறைந்த ஓட்டத்தை, 50 ஆர்.பி.எம். வீதம் குறைக்கும் பொத்தான் அதில் இருக்கலாம். அதோடு பின்னால் ஒரு இழுவைப் பையும் கட்டிப் பாருங்கள். உயிர் இரைக்கு வேண்டியது 1 முதல் 2 நாட், செத்த இரைக்கு 2 முதல் 4. இதிலேயே அது கிடைத்துவிட்டால், துணை எஞ்சினைத் திரும்பி வருவதற்கான பாதுகாப்பாக மட்டும் யோசித்தால் போதும். மாட்டுவதாக முடிவானால் தகுதிச் சான்றைப் புதுப்பிக்கும்போது சாம்சா (தென்னாப்பிரிக்கக் கடல் பாதுகாப்பு ஆணையம்) சர்வேயரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் ராக்கி பே-யில் அலையை உடைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள். இரண்டு 60 எச்.பி. இருக்கிறது. ஒன்றை விற்றுவிட்டு ஒரு பெரிய எஞ்சினும் ஒரு 9.9-உம் வைத்தால் பெட்ரோல் மிச்சமாகுமே?
– ஒரு வாசகர், பார்க் ரைனி

பதில்: வேண்டாம். 2 மீட்டர் ஆழத்தில் உடையும் அலை சுமார் 8.5 நாட் வேகத்தில் வரும், 9.9 உங்களுக்குத் தருவது 5 நாட். அலைக்குள் பெரிய எஞ்சின் நின்றுபோனால் சின்னதை இறக்கிக் கயிறு இழுத்துக் கிளப்பும் நேரமும் கிடைக்காது. கரையலையில் இரட்டை எஞ்சின் இருப்பதே ஒன்று நின்றாலும் மற்றது அந்த நொடியே தள்ளும் என்பதற்காக. இரண்டையும் வைத்துக்கொண்டு, மெதுவாக இழுக்கும்போது ஒன்றை மட்டும் ஓட்டுங்கள். மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, ஜி.பி.எஸ்.-ஸில் 3 நாட் பார்த்துத்தான் இழுக்கிறோம். தெற்கே போகும்போது ஒன்றுமே கடிப்பதில்லை, திரும்பி வடக்கே வரும்போது கடிக்கிறது. எஞ்சின் சத்தமா காரணம்?
– ஒரு வாசகர், ஐசிபிங்கோ

பதில்: நீரோட்டம்தான் காரணம், தம்பி. ஜி.பி.எஸ். தரையை வைத்து வேகம் சொல்கிறது. இரைக்குத் தெரிவது தண்ணீரின் வேகம். அகுல்லாஸ் நீரோட்டம் நம் கரையோரம் தென்மேற்காக ஓடுகிறது. 1.5 நாட் ஓட்டத்தில் தெற்கே 3 காட்டினால் இரை நீரில் போவது 1.5தான், வடக்கே அதே 3 காட்டினால் 4.5. உங்களுக்கு வடக்கே கடிக்கிறது என்றால் அன்றைக்கு மீன் கேட்டது வேகமான இரை. தெற்கே போகும்போது ஜி.பி.எஸ். 6 காட்டும்வரை கூட்டினால்தான் அதே வேகம். எண்ணை விட்டுவிட்டுத் தூண்டில் கோலின் நுனியைப் பாருங்கள். இரண்டு திசையிலும் அது ஒரே மாதிரி துடிக்க வேண்டும்.

இதே கணக்கு வீடு திரும்பவும் பொருந்தும். இந்த ஓட்டம் வெளியே 4 நாட் வரை போகும். அங்கே பெரிய எஞ்சின் செத்து, 5 நாட் போகும் சின்ன எஞ்சினில் வடக்கே திரும்ப நினைத்தால் மணிக்கு 1 கடல் மைல்தான் நகர்வீர்கள். ஓட்டத்தோடு சண்டை போடாமல் முதலில் கரையைப் பார்த்துக் குறுக்கே வாருங்கள். கரையை நெருங்க நெருங்க ஓட்டம் தளரும்.

கேள்வி: பெரியது பழைய டூ-ஸ்ட்ரோக், ஆயில் கலந்த பெட்ரோல். புதிதாக வாங்கிய சின்னது ஃபோர்-ஸ்ட்ரோக். ஒரே டேங்கிலிருந்து டி-இணைப்புப் போட்டு எடுக்கலாமா?
– ஒரு வாசகர், வெருலம்

பதில்: கூடாது. 50:1 கலவையில் 25 லிட்டருக்கு அரை லிட்டர் ஆயில் இருக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அது பிளக்கையும் வால்வையும் கரியாக்கும். மாறிப்போய் வெறும் பெட்ரோல் டூ-ஸ்ட்ரோக்குக்குப் போனால் அது பிஸ்டன் பிடித்து நின்றுவிடும். எரிபொருள் ஒரே வகையாக இருந்தாலும் டி-இணைப்பில் ஓடுகிற எஞ்சின், நிற்கிற எஞ்சின் வழியாகக் காற்றை உறிஞ்சும். அதைவிட, டேங்கில் தண்ணீர் கலந்தால் இரண்டும் ஒன்றாக நிற்கும். சின்னதற்கு 12 லிட்டர் தனி டேங்க் வையுங்கள். இரண்டு டேங்குக்கும் வேறு வேறு நிறத்தில் பெயின்ட் அடித்துவிட்டால் இருட்டில் நிரப்பும்போதும் குழப்பம் வராது.

கேள்வி: எங்கள் 8 எச்.பி. கரையில் டிரம்மில் வைத்தால் அழகாக ஓடுகிறது. கடலில் இருபது நிமிடம் மெதுவாக இழுத்தால் அணைந்துவிடுகிறது. கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றிவிட்டார்கள்.
– ஒரு வாசகர், டொங்காட்

பதில்: அணையும் அந்த நொடியில் பெட்ரோல் பல்பை (டேங்க் குழாயில் கையால் அமுக்கும் ரப்பர் உருண்டையை) கையில் பிடித்துப் பாருங்கள், கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன்னால்.

பல்பு சப்பிப்போய், உள்ளே ஒட்டிக்கொண்டு இருந்தால் டேங்கிலிருந்து பெட்ரோல் வரவில்லை. பெரும்பாலும் டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருக்கும். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் கூடி, இருபது நிமிடத்தில் எஞ்சின் தோற்றுவிடும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் அதுதான் நோய். டிரம்மில் இரண்டு நிமிடம் ஓட்டும்போது இது தெரியாது.

அமுக்க அமுக்கக் கெட்டியாகாமல் பல்பு தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று புகுகிறது: டேங்க் முனைக் கனெக்டரின் ஓ-ரிங், குழாயின் கிளிப், அல்லது பல்பின் வால்வு.

பல்பு கல்லாக இருந்தும் அணைகிறது, சோக்கைப் பாதி இழுத்தால் ஓடுகிறது என்றால்தான் கார்புரேட்டர். மெதுவாக இழுக்கும்போது வேலை செய்வது ஐடில் ஜெட் ஒன்றுதான். அதன் துளை மயிரிழை அளவு. ஒரு மாதம் நின்ற பெட்ரோலின் பிசினே அதை அடைக்கப் போதும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், பிறகு ஜெட்டையே மாற்ற வேண்டும். கிளீனர் தெளித்து காற்றடியுங்கள். கரைக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவும்போது பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, தானே அணையும்வரை ஓடவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

கேள்வி: இனாண்டா அணையில் பாஸ் மீன் பிடிக்கிறோம். 4.2 மீட்டர் படகு, இரண்டு பேர். எலெக்ட்ரிக் மோட்டார் எத்தனை பவுண்டு, எந்த பேட்டரி? அதையே டர்பன் பே-யிலும் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: எலெக்ட்ரிக் மோட்டாரை எச்.பி.யில் அளப்பதில்லை, தள்ளும் விசையில் அளப்பார்கள். 100 கிலோவுக்கு 2 கிலோ விசை, அதாவது சுமார் 4.4 பவுண்டு, என்பது வழக்கமான கணக்கு. படகு, எஞ்சின், இரண்டு ஆள், பேட்டரி, சாமான் எல்லாம் 500 கிலோ என்றால் 22 பவுண்டு. அது காற்றில்லாத நீருக்கு. அணையில் மதியக் காற்று எழும், ஆகவே இரட்டிப்புக்கும் சற்று மேலாக 55 பவுண்டு வாங்குங்கள். 12 வோல்ட்டில் பொதுவாகக் கிடைக்கும் உச்சமும் அதுதான்; 80க்கு 24 வோல்ட், 112க்கு 36 வோல்ட் என்று பேட்டரி கூடிக்கொண்டே போகும். பவுண்டு கூடினால் வேகம் அவ்வளவு கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். காற்றில் நிற்கும் வலுத்தான் கூடும்.

55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும், பாதி வேகத்தில் 15 என்று வையுங்கள். ஐந்து மணி நேரத்துக்கு 75 ஆம்பியர்-அவர். டீப்-சைக்கிள் ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். 100இல் 50தான் உங்களுக்கு. ஆகவே இரண்டு பேட்டரியை இணையாகப் போடுங்கள், கிட்டத்தட்ட 60 கிலோ. அல்லது 100 ஆம்பியர்-அவர் லித்தியம் ஒன்று, 12 கிலோ சொச்சம். அதில் 80க்கு மேல் எடுக்கலாம், சின்னப் படகுக்கு அந்த எடைக் குறைவே பெரிய லாபம். கார் பேட்டரி வேண்டாம், சில மாதத்தில் படுத்துவிடும். ஐந்து படி ஸ்விட்ச் உள்ள மோட்டார் மெதுவாக ஓடும்போதும் மின்சாரத்தைச் சூடாக்கி வீணாக்கும். படியில்லாமல் திருகும் வகையை எடுங்கள்.

பேட்டரி பின்னால், மோட்டார் முன்னால் என்றால் போகவும் வரவும் 10 மீட்டர் ஒயர். 6 சதுர மி.மீ. ஒயரில் 50 ஆம்பியருக்கு 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும், ஒயரும் சுடும். 16 சதுர மி.மீ. போட்டால் அரை வோல்ட்தான் இழப்பு. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் பிரேக்கர் கட்டாயம்.

டர்பன் பே உப்புத் தண்ணீர். நன்னீர் மாடலை அங்கே இறக்கினால் உலோகத் தண்டு அரிக்கும், உத்தரவாதமும் செல்லாது. இரண்டு இடமும் வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே உப்புநீர் மாடல் வாங்குங்கள். துத்தநாக அனோடு (தண்டுக்குப் பதிலாகத் தான் அரிபடும் துண்டு) பாதி கரைந்ததும் மாற்றுங்கள், அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள்.

எந்த நீரானாலும் சில பயணங்களுக்கு ஒருமுறை, ஒயரைக் கழற்றிவிட்டு, நட்டை எடுத்து, புரொப்பெல்லரை உருவிப் பாருங்கள். பின்னல் நூல் தண்டைச் சுற்றி இறுகி, சீலை அறுத்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது; மோட்டாருக்குள் தண்ணீர் போனபிறகுதான் தெரியும். பெட்ரோல் எஞ்சினிலும் இதே இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே கியர் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறியிருந்தால் சீல் போய்விட்டது. ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டாதீர்கள்.