இரண்டு டாலர் ஃப்ளை

அன்புள்ள சார்,

டென்வரில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். நண்பர் ஒருவரால் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிப்பது பழக்கமானது. இந்தக் குளிர்காலத்தில் ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளில் இறகும் முடியும் நூலால் கட்டிச் செய்யும் போலிப் பூச்சி, கட்டவும் தொடங்கியிருக்கிறேன். ஆர்க்கன்சா ஆற்றில் அன்னையர் தினத்தை ஒட்டி கேடிஸ் என்னும் நீர்ப்பூச்சிகள் கிளம்புவதற்குள், அதைப்போலச் செய்யும் எல்க் ஹேர் கேடிஸ் ஃப்ளை ஒன்றையாவது உருப்படியாகக் கட்டிவிட வேண்டும். ஆனால் சிறகுக்கு வைக்கும் எல்க் மான்முடி முள்ளைச் சுற்றிப் புரண்டு அடிவயிற்றுக்குப் போய்விடுகிறது. தலைப்பக்கம் நூல் குவிந்து முள்ளின் கண்ணே, தூண்டில் நரம்பைக் கோக்கும் துளையே, அடைபடுகிறது. முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் என்னிடம் இருப்பது முப்பது டாலருடையது. நல்லதாக ஒன்று வாங்கினால் சரியாகுமா? இல்லை, முதலில் புழு வடிவங்களைக் கட்டிப் பழக வேண்டுமா? கடையில் இரண்டு டாலருக்கு மெஷினில் செய்து குவித்திருப்பதை வாங்க மனம் வரவில்லை. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடுகிறவனுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று மனைவி கேட்கிறாள். நீலகிரியிலும் ட்ரவுட் உண்டாமே?

ஆர்., டென்வர்

அன்புள்ள ஆர்.,

சில்லறைக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். நீலகிரியில் ட்ரவுட் உண்டு. ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டது. அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சு பொரிப்பகமே அமைத்தார்கள். ஊருக்குப் போகும்போது போய்ப் பாருங்கள். உங்கள் மனைவியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் வீட்டிலும் அது நெடுநாளாக நிலுவையில் இருக்கிறது.

வைஸ் வேண்டாம். மெய்ன் மாநிலத்து கேரி ஸ்டீவன்ஸ் வைஸே இல்லாமல், முள்ளை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு கட்டியவர். 1924 ஜூலையில் தான் கட்டிய புது ஃப்ளை ஒன்றை வீசி 6 பவுண்டு 13 அவுன்ஸ் எடையில் ஒரு புரூக் ட்ரவுட்டைப் பிடித்து, பத்திரிகைப் போட்டி ஒன்றில் பரிசும் வாங்கினார். பெண்களின் தொப்பிகளுக்கு இறகு வைத்துப் பழகிய கை அது. உங்கள் முப்பது டாலர் வைஸ் முள்ளை ஆடாமல் பிடிக்கிறதா? பிடித்தால் அதன் வேலை முடிந்தது. முடி புரள்வது உங்கள் இடதுகை விரல்களின் குற்றம். அதற்கு முந்நூறு டாலரில் பரிகாரம் தேடுவது சுத்தமான ஐ.டி. புத்தி.

புழுவா பூச்சியா என்பதும் பெரிய விஷயமில்லை. கேடிஸுக்கு முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகுள்ள பூச்சி என்று நான்கு பருவம். அந்துப்பூச்சிக்கும் பட்டுப்பூச்சிக்கும் இது நெருங்கிய உறவு. புழுப் பருவத்தில் இதுவும் வாயிலிருந்து பட்டு நூல் விடும். பல இனங்கள் அந்த நூலால் மணலையும் சருகுத் துணுக்குகளையும் ஒட்டிக் கூடு கட்டி அதற்குள்ளேயே குடியிருக்கும். உங்கள் ஆற்றில் மே மாதத்தை ஒட்டிக் கிளம்புவது பிரேக்கிசென்ட்ரஸ் இனம். அதன் கூடு சதுரமாக, ஒரு முனை குறுகி இருக்கும். ஆற்றில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டினால் கையிலேயே வந்துவிடும். கூட்டுப்புழு மேலேறும் நேரத்தில்தான் மீனுக்கு விருந்து. மொன்டானாவின் கேரி லாஃபோன்டெய்ன் முக்குளிக்கும் உடுப்போடு ஆற்றுக்கடியில் கிடந்து அதைப் பார்த்தவர். அதற்காகக் கூட்டுப்புழுவில்தான் தொடங்க வேண்டும் என்று சட்டமில்லை. மிதக்கும் பூச்சியின் மேல் ஆசையென்றால் அதையே கட்டுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மெஷினில் செய்து குவித்திருப்பது என்று. எந்த மெஷின் என்று கொஞ்சம் சொல்ல முடியுமா?

நான் இருக்கும் பென்சில்வேனியாவில், சில நாட்களுக்கு முன் ஒரு கடையில் நூல் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் புதுச் சரக்கைப் பொட்டலம் பிரித்துத் தட்டுகளில் கொட்டிக்கொண்டிருந்தார். பொட்டலத்தின் மேல் இலங்கையில் தயாரானது என்று அச்சிட்டிருந்தது. அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

ஃப்ளை கட்ட மெஷின் கிடையாது, ஆர். நீங்கள் இரண்டு டாலர் கொடுக்க மனம் வராமல் விட்டுவந்த ஒவ்வொன்றும் கையால் கட்டியது. கென்யாவிலோ தாய்லாந்திலோ இலங்கையிலோ ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், வைஸ் முன்னால் உட்கார்ந்து டஜன் கணக்கில் கட்டி, எண்ணிக் கொடுத்து, சரிபார்ப்பில் தேறி, கடல் கடந்து உங்கள் டென்வருக்கு வந்தது. கென்யாவில் இது வெள்ளைக்காரன் காலத்திலேயே வேரூன்றிய தொழில். அமெரிக்காவிலும் முன்பு இதே கதைதான். வெர்மான்டில் ஆர்விஸ் என்னும் மீன்பிடிச் சாமான் நிறுவனத்தின் ஃப்ளைகளைக் கட்டியது, முதலாளியின் மகள் மேரி ஆர்விஸ் மார்பரி மேற்பார்வையில் பெண்கள். அவர் 1892-இல் நூல் எழுதியதால் அவர் பெயர் தெரிகிறது. வரிசையாக உட்கார்ந்து கட்டியவர்களின் பெயரை எத்தனை பேர் கேட்டோம்?

இதில் எனக்கு ஏன் இத்தனை சூடு என்றால், என் அம்மா பீடி சுற்றியவள். ஆலங்குளத்துப் பக்கம் எங்கள் தெருவில் சுற்றாத வீடு குறைவு. ராத்திரி இலையை நனைத்து ஈரச்சாக்கில் பொதிந்து வைப்பாள். விடிந்ததும் தகட்டை வைத்து அளவாக வெட்டிக்கொண்டு, மடியில் சுளவோடு உட்கார்ந்துவிடுவாள். தூளை வைத்து உருட்டி, வாயை நகத்தால் மடக்கி, நூலைச் சுற்றி ஒரு இழுப்பு. பேச்சு எங்களோடு நடக்கும். கண் அடுப்பில் இருக்கும். கை மட்டும் தனியாக ஓடும். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒருவன் கட்டைப் பிரித்துப் பார்த்து, நூல் தளர்ந்தது, வாய் மடங்காதது என்று கழித்து, கண்ணெதிரிலேயே நசுக்கிப் போடுவான். கொடுத்த இலையிலேயே பாதி ஓட்டையாக இருக்கும். அதை யாரிடம் கேட்பது? குறைகிற எண்ணிக்கைக்குக் கைக்காசைப் போட்டு இலை வாங்கிச் சுற்றிக் கொடுப்பாள். "நூல இறுக்கினா இல கிழியும், விட்டா தூளு கொட்டும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும்ல" என்பாள், நான் விளையாட்டாக ஒன்றைச் சுற்றிப் பார்க்கும்போது.

சென்னையில் கல்லூரி விடுதியில் ஒருவன் கேட்டான், "பீடியெல்லாம் மெஷின்லதானே வருது?" அவன் நல்ல பையன். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அவனோடு அந்த வருஷம் முழுக்க நான் பேசவில்லை. உங்களோடு பேசுகிறேன் என்றால் வயதாகிவிட்டது என்று அர்த்தம்.

விலை மலிவாகவும் எல்லாம் ஒரே அளவாகவும் இருந்தால் மெஷின் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரே அளவில் வருவது ஆயிரக்கணக்கில் கட்டிய கையின் லட்சணம். நீங்கள் குளிர்காலம் முழுக்கக் கட்டிய ஃப்ளைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அதைக் கலை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பழகாத கை, அவ்வளவுதான். என் அம்மாவின் கட்டில் இருபத்தைந்தும் ஒரே உயரம்.

அதனால் உங்களுக்கு நான் வைக்கும் வேலை இது. கடைக்குப் போய் 14-ஆம் எண் முள்ளில் கட்டிய எல்க் ஹேர் கேடிஸ் நான்கைந்து வாங்குங்கள். மீன் பிடிக்க இல்லை, பிரிக்க. நியூயார்க் மாநிலத்து ராஸ்கோவில் வால்ட் டெட்டியும் வின்னியும் அப்படித்தான் கற்றார்கள். அந்த வட்டாரத்தில் பேர்போன ரூப் கிராஸ் தொழிலைச் சொல்லித்தர மாட்டேன் என்றுவிட்டார். அவர் கட்டிய ஃப்ளைகளை விலைக்கு வாங்கி, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துக் குறிப்பெடுத்தார்கள். பிறகு அமெரிக்காவெங்கும் இருந்து அவர்களிடம் ஃப்ளை கேட்டு எழுதினார்கள்.

முள்ளை வைஸில் மாட்டி, விளக்கைக் கிட்டே இழுத்துக்கொள்ளுங்கள். தலைப்பக்க நூல்முடிச்சை பிளேடு நுனியால் ஒரு கீறு கீறிவிட்டு நூலைப் பின்பக்கமாக அவிழுங்கள். முடியை நிறுத்த அந்தப் பெண் எத்தனை சுற்று செலவழித்திருக்கிறாள் என்று எண்ணுங்கள். உங்களுக்கு வெட்கமாக இருக்கும். சுற்று குறைவாக இருப்பதால்தான் கண் அடைபடவில்லை. முடி எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். கண்ணுக்குப் பின்னால் இரண்டு கண் அகலத்துக்கு வெறும் முள்ளை விட்டிருப்பாள். நீங்கள் உடம்பைக் கண் வரைக்கும் நீட்டிவிட்டு, மிச்சமில்லாத இடத்தில் சிறகைத் திணிக்கிறீர்கள். பார்க்காமலே சொல்வேன்.

இன்னும் அவிழ்த்தால் சேவல் இறகு வரும். அல் ட்ராத் 1957-இல் இதே பென்சில்வேனியாவில் இந்த ஃப்ளையை உருவாக்கியபோது பள்ளி ஆசிரியர். பிற்பாடு மொன்டானாவின் டில்லனுக்குப் போய் மீன்பிடி வழிகாட்டியானார். அவர் இறகை முன்னால் கட்டிப் பின்னால் சுற்றிக்கொண்டு போவார். வால்பக்கம் காத்திருக்கும் மெல்லிய கம்பியை இறகின் குறுக்கே முன்னால் சுற்றி வந்து பூட்டுவார். மீனின் பல் பட்டாலும் இறகுத்தண்டு சட்டென்று அவிழாது. நீங்கள் வாங்கியதில் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்த வேலையை மிச்சம் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியும். கட்டியவளைக் கோபிக்க வேண்டாம். கம்பிக்குக் காசு கொடுக்காதவன் வேறு எங்கோ இருக்கிறான்.

இனி உங்கள் முடி. எல்க் முடி உள்ளே காற்றறைகள் கொண்டது. மிதப்பது அதனால்தான். நூல் அழுத்தினால் விரிந்து நிற்பதும் அதனால்தான். வெட்டியெடுத்த முடியின் அடியில் பஞ்சுபோல் குறுமயிர் இருக்கும். அதை முழுக்கச் சீவி எடுத்துவிட வேண்டும். நீங்கள் சீவுவதில்லை என்று உங்கள் புரளும் சிறகே சொல்கிறது. குறுமயிர் மேல் நூல் வழுக்கும். பிறகு ஸ்டேக்கர் என்னும் சிறு குழலில் போட்டுத் தட்டி நுனிகளை ஒன்றாக்குங்கள். அமுக்கினால் தீக்குச்சிப் பருமன் போதும். உங்களைப் போலப் புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் இதைப்போல் இரண்டு பங்கு வைக்கிறார்கள். முள்ளின் மேல் வைத்து, கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் முள்ளோடு சேர்த்துக் கிள்ளிப் பிடியுங்கள். இரண்டு சுற்று தளர்வாக. மூன்றாவதை நேர் மேலாக இழுத்து இறுக்குங்கள். இறுகும் வரை இடதுகை விடக்கூடாது. விரல் வலிக்கிறது, மூக்கு அரிக்கிறது என்று விட்டால் முடி அடிவயிற்றுக்குத்தான் போகும். அடுத்த சுற்றுகளை அடிமுடிக்குள் ஊடாக விட்டு இழுங்கள். நூலை அறுத்துக்கொள்ளாமல் எவ்வளவு இழுக்கலாம் என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. என் அம்மா சொன்னதற்கு மேல் எனக்கும் தெரியாது.

கோணலாக வந்தால் பசை போட்டு ஒப்பேற்றாதீர்கள். பிளேடால் மொத்தத்தையும் வழித்தெடுங்கள். முள்ளுக்கு ஒன்றும் ஆகாது, அதே முள்ளில் மறுபடி கட்டலாம். ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே முடி. நான்கு ஒன்றுபோல் வரும் வரை வேறு வடிவத்தைத் தொடாதீர்கள்.

ஏப்ரலிலேயே ஆற்றைக் கவனிக்கத் தொடங்குங்கள். பூச்சிக்கு நாட்காட்டி தெரியாது, தண்ணீர் சூடாவதைப் பார்த்துத்தான் கிளம்பும். மலைப்பனி உருகிக் கலங்கல் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. உடம்புக்குக் கருப்பச்சையோ சாம்பலோ, 14-இலும் 16-இலும் கட்டி வையுங்கள். மீனைத் திரும்ப விடுகிறவர் என்பதால் ஒன்று: முள்ளை வைஸில் மாட்டியதும் முதல் வேலையாக அதன் முனையில் இருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். கட்டி முடித்த பிறகு நசுக்கப் போனால் முள் உடைந்து மொத்த உழைப்பும் போய்விடும்.