சீசன் இல்லாத நாளில் சிசிலி: வாசகர் கேள்வி, அண்ணாச்சி பதில்

கேள்வி: அண்ணாச்சி, எங்களுக்குப் புளியரையில் வயல். பிசானப் பருவ நெல்லை நட்டு, களையும் எடுத்துவிட்டால் அறுப்பு வரைக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். பொங்கல் கழிந்ததும் ஒரு பத்து நாள் நானும் வீட்டுக்காரரும், கொல்லத்தில் வங்கி வேலையில் இருக்கும் மகளும் மத்தியதரைக் கடல் தீவு ஏதாவது ஒன்றுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். மகள் கிரீஸ் நாட்டுத் தீவான சாண்டோரினிதான் என்கிறாள். அந்த மாதத்தில் ரூம் வாடகையும் நன்றாகக் குறைந்திருக்கிறதாம். போகலாமா? (ஒரு வாசகி, புளியரை)

பதில்: போங்க தங்கச்சி, தாராளமாகப் போங்க. ஆனால் ஜனவரியில் சாண்டோரினி வேண்டாம். மார்ச் மாதம் குற்றாலம் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களைப் பார்த்திருப்பீர்கள்: அருவியில் தண்ணீர் இருக்காது, பாதிக் கடை பூட்டிக் கிடக்கும். அதே நாளில் கொஞ்ச தூரம் தள்ளித் தென்காசி பஜார் எப்போதும்போல நடந்துகொண்டிருக்கும், ஏனென்றால் அது வெளியூர்க்காரர்களை நம்பித் திறந்த கடைவீதி இல்லை. தீவுகளிலும் இந்த இரண்டு வகை உண்டு, சீசன் இல்லாத நாளில் போகிறவர்கள் தென்காசி மாதிரித் தீவாகப் பார்த்துப் போக வேண்டும். சாண்டோரினியில் குளிர்காலத்தில் ஹோட்டல்களும் சாப்பாட்டுக் கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும், காற்று பலமாக அடித்தால் ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வரும் கப்பலும் நின்றுபோகும். வாடகை குறைவாக இருப்பது அதனால்தான்.

நான் சொல்வது சிசிலி. மத்தியதரைக் கடலிலேயே பெரிய தீவு அதுதான், இத்தாலிக்குச் சொந்தம், 45 லட்சத்துக்கு மேல் ஜனம் குடியிருக்கிறது. அவர்களுக்காகப் பஸ் ஓடுகிறது, சந்தை கூடுகிறது, நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் தலைநகர் பலெர்மோவில் பல்லாரோ சந்தை காலையில் கூவிக்கூவி விற்றுக்கொண்டுதான் இருக்கும். கோடையில் போகிறவர்களைப் பார்த்து ஏங்கவே வேண்டாம். 2021 ஆகஸ்ட் 11 அன்று அங்கே சிரக்கூசா என்ற ஊருக்குப் பக்கத்தில் 48.8 டிகிரி வெயில் பதிவாகியிருக்கிறது, ஐரோப்பாவிலேயே அதுதான் உச்சம்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு ஜூனில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வருகிற நேரத்தில் அங்கே பொட்டு மழை இருக்காது. அவர்களுக்கு மழை அக்டோபரில் தொடங்கிக் குளிர்காலத்தில்தான், அதனால் ஜனவரியில் மலையெல்லாம் பச்சையாக இருக்கும். பகலில் 15 டிகிரி இருக்கும், ராத்திரி ஏழு எட்டுக்கு இறங்கும். கேட்க அப்படி ஒன்றும் குளிராகத் தெரியாது, ஆனால் வீடுகள் கல்வீடுகள், வெயில் காலத்தை மனதில் வைத்துக் கட்டியவை, உள்ளே ஈரக்குளிர் எலும்பில் ஏறும். கத்தானியா, பலெர்மோ நகரங்கள் பக்கம் பொது ஹீட்டர் உள்ள கட்டடங்களில் அதை டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரைதான் போடலாம், அதுவும் நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று விதியே இருக்கிறது. ரூம் பதிவு செய்வதற்கு முன்னால் கடற்கரை எவ்வளவு தூரம் என்று கேட்பதை விட, ரூமுக்குள்ளேயே தனி ஹீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டுக்காரருக்கு உள்ளே போட்டுக்கொள்ள ஒரு கம்பளி பனியனும், மூன்று பேருக்கும் நனையாத மேல்கோட்டும் போதும்.

எங்கே தங்குவது? கத்தானியாவில் ஐந்தாறு ராத்திரி, மிச்சம் பலெர்மோவில், அவ்வளவுதான். தினம் ஒரு ஊர் மாறினால் பெட்டி தூக்கியே நாள் போய்விடும், குளிர்காலத்தில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கெல்லாம் வேறு இருட்டிவிடும். கத்தானியாவிலிருந்து எட்னா எரிமலைக்குப் போய்வரலாம், சுமார் 3,400 மீட்டர் உயரம், உச்சியில் பனி கிடக்கும், 1,900 மீட்டர் வரை பஸ்ஸே போகிறது, அதற்கு மேல் கேபிள் கார். காற்று அதிகமானால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், அதனால் அதற்கென்று ஒரு நாளைக் குறித்துவைக்காமல் வானம் தெளிந்த அன்று காலையில் கிளம்புங்கள். ரயிலில் சிரக்கூசா போனால் பாறையைக் குடைந்து செய்த கிரேக்க அரங்கம் இருக்கிறது, ஆர்க்கிமிடிஸ் பிறந்து வாழ்ந்த ஊரும் அதுதான். அக்ரிஜென்டோவில் கிமு ஐந்தாம் நூற்றாண்டுக் கோயில்கள் வரிசையாக நிற்கின்றன, அதில் கன்கார்டியா கோயில் தூண் குறையாமல் முழுசாக இருக்கிறது. கோடையில் அந்த மேட்டில் நிழலே கிடையாது. நான் பிப்ரவரியில் போனபோது வாதுமை மரமெல்லாம் பூத்திருந்தது, அவசரமே இல்லாமல் நின்று பார்க்க முடிந்தது, இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முடிந்தால் பயணத்தை பிப்ரவரி 5 வரை இழுத்துவைத்துக்கொள்ளுங்கள். 3 முதல் 5 வரை கத்தானியாவில் புனித அகத்தா திருவிழா, வெள்ளை அங்கி போட்ட ஜனக்கூட்டம் அம்மையின் சப்பரத்தை ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டு வரும். அந்த மூன்று நாள் மட்டும் ரூம் கிடைப்பது கஷ்டம், முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

கடலைப் பார்த்த மலைமேல் இருக்கும் தாவோர்மினா என்ற ஊரை மகள் கேட்பாள், படத்தில் அவ்வளவு அழகாக இருக்கும். அங்கே குளிர்காலத்தில் பல ஹோட்டல்கள் மூடிவிடும், பகலில் போய்விட்டுத் திரும்புங்கள். ஸ்ட்ராம்போலி மாதிரிச் சின்னத் தீவுகளை இந்த முறை விட்டுவிடுங்கள், கடல் கொந்தளித்தால் படகு வராது, விமானம் போய்விடும்.

கேள்வி: ஜனவரியில் அந்தக் கடலில் குளிக்கலாமா அண்ணாச்சி? (கல்லூரி மாணவர், செங்கோட்டை)

பதில்: வேண்டாம் தம்பி. தண்ணீர் 15 டிகிரி அளவில்தான் இருக்கும். நீச்சல்தான் முக்கியம் என்றால் அக்டோபர் முதல் வாரம் போ, கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டமும் வடிந்திருக்கும்.

கேள்வி: புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருக்கிறேன். சிசிலி எலுமிச்சை பேர்போனது என்கிறார்கள். குளிர்காலத்தில் போனால் காய் பார்க்க முடியுமா? (ஒரு வாசகர், புளியங்குடி)

பதில்: அண்ணே, உங்களுக்குத்தான் இந்த ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில் அரபுக்காரர்கள் சிசிலியைப் பிடித்தபோது எலுமிச்சையும் கொண்டுவந்தார்கள், வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சும் முறையும் கொண்டுவந்தார்கள். சிரக்கூசா பக்கம் பெம்மினெல்லோ என்று ஒரு ரகம், வருஷத்தில் பல தடவை பூக்கும். அக்டோபரில் தொடங்கிக் குளிர்காலம் முழுக்க வெட்டுவது முதல் பூக் காய், அப்புறம் வசந்தத்தில் வெளிர்மஞ்சள் காய், கோடையில் பச்சைக் காய். அந்தக் கோடைக் காய்க்குத்தான் நல்ல விலை. அதற்காக முந்தின கோடையில் மரத்துக்குத் தண்ணீர் காட்டாமல் வாட விட்டு, பிறகு ஒரே மூச்சாகப் பாய்ச்சிப் பூக்க வைப்பார்கள். ஜனவரியில் போனால் முதல் பூக் காய் அறுவடையை நேரிலேயே பார்க்கலாம். எட்னா அடிவாரத்தில் உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கும் ஆரஞ்சும் அப்போதுதான் பழுக்கிறது, ராத்திரிக் குளிர் பட்டால்தான் அந்த நிறம் ஏறும். தோட்டத்து ஓரத்தில் தங்க வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், விவசாயம் செய்கிறவர்களே நடத்துவது, ஒரு ராத்திரியாவது அங்கே தங்குங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? விசாவுக்கு எப்போது போட வேண்டும்? (தம்பதி, ஆரியங்காவு)

பதில்: சாப்பாட்டுக் கவலை வேண்டாம். பலெர்மோ தெருக்களில் பனெல்லே என்று கடலை மாவைப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள், சூடாகச் சாப்பிட்டால் அவ்வளவு ருசி. கத்தானியாவில் கத்தரிக்காயும் தக்காளியும் போட்ட நோர்மா பாஸ்தா. கறி இல்லை என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும், நெத்திலி சேர்த்த சாஸ் அங்கே சகஜம், மீனும் வேண்டாம் என்று சேர்த்தே சொல்லுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக் கடை ஏழரை, எட்டுக்கு முன்னால் திறக்காது, பையில் கொஞ்சம் அவல் இருக்கட்டும்.

விசா ஷெங்கன் விசா, இத்தாலி உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம், பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். முடிவு சொல்ல 15 நாள் என்பது கணக்கு, இழுக்கவும் செய்யும், அதனால் ஜனவரிப் பயணத்துக்கு அக்டோபரிலேயே போட்டுவிடுங்கள். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். உங்களுக்கு மதுரையை விடத் திருவனந்தபுரம் விமான நிலையம் பக்கம், அங்கிருந்து வளைகுடாவில் மாறி ரோம், ரோமிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் பறந்தால் கத்தானியா. எட்னா சாம்பல் கக்கினால் கத்தானியா விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடுவதும் உண்டு, ஆகவே திரும்பும்போது ரோமில் ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி வையுங்கள். பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை விசா கைக்கு வராமல் வாங்காதீர்கள்.