தம்பியின் கடனும் பழைய கஞ்சாவும்: எழுதாமல் விடலாமா?

கேள்வி: என் தம்பி வேர்ஜினியாவில் இருக்கிறான், அமெரிக்கக் குடியுரிமையும் கிடைத்துவிட்டது. அந்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு கம்பனி அவனை எடுத்திருக்கிறது, ஆனால் செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது இரகசியத் தகவல்களைக் கையாள அரசு கொடுக்கும் அனுமதி, வேண்டுமாம். அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அப்பாவின் பைபாஸ் சத்திரசிகிச்சைக்குக் காசு அனுப்பி, கடனட்டையில் கடன் ஏறி, ஐந்தாறு மாதம் கட்டாமலும் விட்டிருக்கிறான். நான்கு வருடத்துக்கு முன், படிக்கும்போது, நண்பர்களோடு சில தடவை கஞ்சாவும் புகைத்தானாம். இரண்டையும் படிவத்தில் எழுதாமல் விடச் சொல்கிறார் ஒரு சொந்தக்காரர். என்ன செய்வது?
- ஒரு அக்கா, சுன்னாகம்

பதில்: தங்கச்சி, அந்தச் சொந்தக்காரரின் பேச்சைத் தம்பி கேட்கவே கூடாது. எங்கள் ஊரில் கடனையும் கஞ்சாவையும் வெளியில் சொன்னால் குடும்ப மானம் போய்விடும் என்று மூடி வைத்தே பழகிவிட்டோம், அந்தப் பழக்கம்தான் அங்கே அவனை விழுத்தும். எஸ்.எஃப். 86 என்ற அந்தக் கிளியரன்ஸ் படிவத்தில் தெரிந்துகொண்டே பொய் எழுதுவது அமெரிக்கச் சட்டப்படி ஐந்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம். அவனுடைய கடன் அறிக்கையை விசாரிக்கும் அதிகாரிகளே எடுத்துப் பார்ப்பார்கள், நண்பர்களிடமும் விசாரிக்கலாம், கூட இருந்து புகைத்தவனிடமே கேட்டாலும் கேட்பார்கள்.

இனிக் கடன். இவ்வளவு டொலருக்கு மேல் இருந்தால் கிளியரன்ஸ் இல்லை என்று ஒரு கணக்கும் கிடையாது. கடந்த ஏழு வருடத்தில் எந்தக் கடனையாவது 120 நாளுக்கு மேல் கட்டாமல் விட்டாயா என்று படிவம் கேட்கும். உங்கள் தம்பி ஆம் என்றுதான் எழுத வேண்டி வரும். ஆனால் 2017 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகள், கடன் எப்படி வந்தது, வந்த பிறகு ஆள் என்ன செய்தான் என்று இரண்டையும் பார்க்கச் சொல்கின்றன. வேலை போனது, வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று கடும் வருத்தம் வந்தது, இப்படிக் கைமீறிய காரணங்களை ஏற்பார்கள். சூதாடிக் கடன்பட்டவனும் தகப்பனின் நெஞ்சைத் திறந்ததால் கடன்பட்டவனும் அவர்களுக்கு ஒன்றல்ல. அப்புறம், கடிதங்களை உடைத்துப் பார்க்காமல் மேசையில் போட்டு வைத்தவனா, வங்கியோடு கதைத்து மாதாமாதம் கொஞ்சமென்றாலும் கட்டி வருபவனா என்பதுதான் பெரிய கேள்வி. தம்பி இன்னும் ஒழுங்கு செய்யவில்லையென்றால் இந்தக் கிழமையே வங்கியோடு கதைத்து, ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி வைக்கட்டும்.

கஞ்சாவில் ஒரு குழப்பம் இருக்கிறது. வேர்ஜினியா உட்படப் பல மாநிலங்களில் பெரியவர்கள் சிறிய அளவு கஞ்சா வைத்திருப்பது குற்றமில்லை, ஆனால் கிளியரன்ஸ் கொடுப்பது மத்திய அரசு, அந்தச் சட்டத்தில் அது இன்னும் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள்தான். இப்போதும் பாவிப்பவருக்குக் கிளியரன்ஸ் கொடுக்கவே கூடாது என்று 2008 இல் சட்டமாகவே வந்துவிட்டது. முன்பு எப்போதோ புகைத்தது அப்படியல்ல, அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று 2021 இல் அமெரிக்காவின் தேசியப் புலனாய்வுப் பணிப்பாளர் அலுவலகம் அறிவுறுத்தியிருக்கிறது. படிவம் கேட்பது கடைசி ஏழு வருடத்தை, ஆகவே நான்கு வருடத்துக்கு முந்தியதை எழுதத்தான் வேண்டும். எத்தனை தடவை, எப்போது நிறுத்தினான், இனித் தொடமாட்டேன் என்பதையும் சேர்த்து எழுதட்டும். உண்மையாகச் சொல்லும் இந்தப் பதிலைப் பிறகு குற்ற வழக்கில் அவனுக்கு எதிராகச் சாட்சியாக்க மாட்டோம் என்று அந்தப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பயப்பட வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டவருக்குப் பண உதவி செய்தாயா என்றும் அதில் ஒரு கேள்வி உண்டு, அப்பாவுக்கு அனுப்பியது அதற்குள் வரும். அதனால் இனிமேல் உண்டியல் மூலம், அதாவது வங்கியில்லாமல் ஆட்கள் கைமாற்றும் வழியில், அனுப்ப வேண்டாம், வங்கி மூலமே அனுப்பச் சொல்லுங்கள். அப்பாவின் வைத்தியசாலைப் பற்றுச்சீட்டுகள் வீட்டில் இருக்கும்தானே, எல்லாவற்றையும் தேடி எடுத்து, திகதி தெளிவாகத் தெரியப் படம் பிடித்து இன்றைக்கே தம்பிக்கு அனுப்பிவிடுங்கள்.