லூயிஸ், கிளார்க் நாட்குறிப்புகள்: எந்தப் பதிப்பைப் படிப்பது?

கேள்வி: அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைவரை ஆய்வுப் பயணம் சென்ற லூயிஸ், கிளார்க் குழுவினர் 1806-இல் திரும்பிவிட்டனர். அவர்களின் நாட்குறிப்பு 1814-இல்தான் நூலானது. ஏன் இவ்வளவு தாமதம்? இன்று எந்தப் பதிப்பைப் படிக்கலாம்? (வாசகர் ஒருவர், திருச்சி)

பதில்: 1814-இல் வந்ததை நாட்குறிப்பு என்பதே பொருந்தாது. நூலை எழுதும் பொறுப்பை ஏற்றிருந்த மெரிவெதர் லூயிஸ், ஆளுநர் பதவியின் அலுவல்களில் சிக்கி, பதிப்பாளருக்கு ஒரு வரிகூடத் தராமல் 1809 அக்டோபரில் இறந்துபோனார். அதற்குள் குழுவில் சார்ஜெண்டாக இருந்த தச்சர் பேட்ரிக் காஸ் முந்திக்கொண்டார். அனுமதி பெறாத நூல்கள் குறித்து லூயிஸ் பத்திரிகையில் எச்சரிக்கை விடுத்தும், பிறர் கையால் மெருகேறிய காஸின் குறிப்புகள் 1807-இலேயே பிட்ஸ்பர்க்கில் வெளிவந்துவிட்டன.

பின்னர் வில்லியம் கிளார்க், குறிப்பேடுகளைப் பிலடெல்பியாவின் நிக்கலஸ் பிடிலிடம் ஒப்படைத்தார். பிடில் அவற்றைக் கலந்து ஒரே சீரான பயணக்கதையாக எழுதினார்; முகப்பில் இடம்பெற்றதோ அச்சுக்குச் செம்மைப்படுத்திய பால் ஆலனின் பெயர். செடிகொடிகள், விலங்குகள் பற்றிய செய்திகளைத் தனி நூலாக்க ஒப்புக்கொண்டிருந்த பேராசிரியர் பெஞ்சமின் ஸ்மித் பார்ட்டன், அதை எழுதி முடிக்காமலே 1815-இல் மறைந்தார். பெரிய இழப்பு இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு: 1806 பிப்ரவரி 24 அன்று, கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தருகே கிளாட்சாப் கோட்டையில் தங்கியிருந்தபோது, யூலக்கான் என்ற சிறுமீனை லூயிஸ் குறிப்பேட்டிலேயே படமாக வரைந்து, அதன் துடுப்புகளையும் வாயையும் நுணுக்கமாக வருணித்தார். மரக்குச்சியில் கோத்துச் சுட்டால் போதும், கொழுப்பு மிகுந்திருப்பதால் வேறு சேர்மானம் வேண்டியதில்லை என்று சமையல் குறிப்பும் தந்திருக்கிறார். ஆனால் அந்த மீனுக்கு அறிவியல் பெயரிட்ட பெருமை, 1836-இல் அதை விவரித்த ஜான் ரிச்சர்ட்சனுக்குப் போய்விட்டது.

எலியட் கூஸின் 1893 பதிப்பு, பிடிலின் நூலுக்கு விரிவான அடிக்குறிப்புகள் சேர்த்தது. அதற்காக மூலக் குறிப்பேடுகளிலேயே பேனாவை ஓட்டிய அவருடைய துணிச்சலை மன்னிப்பது கடினம். மூல வாசகத்தை முதலில் விரிவாக அச்சிட்டவர் த்வைட்ஸ் (1904–05). இன்று நம்பிப் படிக்கத்தக்கது கேரி மோல்டன் பதிப்பித்த 13 தொகுதிகளே. நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் அவற்றை இணையத்திலும் இலவசமாகத் தருகிறது.

ஒன்றை மட்டும் நினைவில் கொள்க. 1805-இன் பின்பகுதியில் லூயிஸ் எழுதியவை மிகக் குறைவு. எனவே பசிபிக்கை எட்டிய நாட்களைப் பெரும்பாலும் கிளார்க்கின் எழுத்திலேயே படிக்க வேண்டும். நவம்பர் 7 அன்று, கடல் தெரிகிறது என்று அவர் பூரித்து எழுதியது, உண்மையில் கொலம்பியாவின் அகன்ற கழிமுகத்தைக் கண்டுதான்.