வாசகர் கேள்வி: லண்டன் வேலையோடு நல்லூர்த் திருவிழாவுக்குப் போகலாமா?

கேள்வி: அக்கா, நான் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு லண்டன் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அம்மம்மா நல்லூரில் தனியாக இருக்கிறார். கொடியேற்றம் தொடங்கி தீர்த்தம் வரை 25 நாளும் தன்னோடு வந்து நிற்கச் சொல்கிறார். அவ்வளவு லீவு கிடைக்காது, அதனால் லெப்டொப்பைக் கொண்டுபோய் அங்கிருந்தே வேலை செய்ய நினைக்கிறேன். போன வருடம் நுவரெலியாவில் நின்றபோது மீட்டிங் நடுவே லைன் போய், இரண்டு மணித்தியாலம் டீம் முழுக்க என்னைத் தேடியது. இந்த முறை மனேஜருக்குச் சொல்லாமலே போய்விடலாமா?
வெள்ளவத்தை வாசகி

பதில்: சொல்லிவிட்டுப் போங்கள், தங்கச்சி. நுவரெலியாவில் லைன் போனது உங்கள் பிழை இல்லை. நீங்கள் ஊரில் இல்லை என்பதே டீமுக்குத் தெரியாமல் இருந்ததுதான் அந்த இரண்டு மணித்தியாலத்தை அவ்வளவு பெரிதாக்கியது. தெரிந்திருந்தால் 'அங்கே லைன் இல்லைப் போல' என்று தங்கள் வேலையைப் பார்த்திருப்பார்கள். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எந்த ஊரில், லைன் விழுந்தால் எந்த நம்பருக்கு எடுப்பது, நீங்கள் இல்லாதபோது அவசரத்துக்கு யாரைக் கேட்பது, இவ்வளவையும் ஒரு சின்ன மின்னஞ்சலில் எழுதி இரண்டு கிழமைக்கு முன்பே அனுப்புங்கள். இதே கேள்வியை நீங்கள் சென்னைக்குப் போவதற்குக் கேட்டிருந்தால் கதை வேறு. நாடு மாறினால் விசா, வரி, தரவுப் பாதுகாப்பு என்று கொம்பனிக்குப் பல தலையிடி வரும், எழுத்தில் அனுமதி இல்லாமல் அசையக் கூடாது.

நேரம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் லண்டனில் கோடை நேரம், நாங்கள் அவர்களைவிட நாலரை மணித்தியாலம் முன்னே. அங்கே காலை 9 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மத்தியானம் 1.30. காலைப் பூசை முழுவதும் உங்களுக்குத்தான், தேரும் காலையில்தான். மாலைத் திருவிழாதான் வேலையோடு மோதும், அதற்கு ஏதாவது மூன்று நான்கு நாளைத் தெரிந்தெடுத்து அரை நாள் லீவு போடுங்கள். ஒரு காதில் மீட்டிங்கும் மறு காதில் நாதஸ்வரமுமாக வீதியில் நிற்காதீர்கள், அம்மம்மாவுக்கும் அது சந்தோசம் இல்லை, டீமுக்கும் அது வேலை இல்லை.

பயணத்தைச் சனிக்கிழமை வையுங்கள். யாழ்தேவியோ இரவு பஸ்ஸோ, வழியில் சிக்னல் வந்து வந்து போகும், அதை நம்பி ஒரு மீட்டிங்கையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எந்த அறையில் லைன் நன்றாக இருக்கிறது என்று ஒரு சினேகிதிக்கு வீடியோ கோல் எடுத்துப் பாருங்கள். இரண்டு வேறு கொம்பனியின் சிம் வைத்திருங்கள். தேரன்று கோயிலடியில் ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே டவர்களில் தொங்கும், டேட்டா இழுக்காது. வீட்டில் ஃபைபர் லைன் இருந்தால் ராவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் (கரண்ட் போனாலும் ராவுட்டரை ஓட வைக்கும் சின்ன பெட்டரி) வாங்கிப் பூட்டுங்கள். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது பட்டுத் தெரிந்துகொண்டது இது: லெப்டொப்பில் சார்ஜ் இருக்கும், ராவுட்டர் செத்துப் போயிருக்கும்.

இன்னொன்று, சின்னதுதான், ஆனால் என்னைப் பருத்தித்துறையில் பாதி நாள் மறித்தது. பெரியம்மாவின் பழைய வீட்டுச் சுவரில் இருந்ததெல்லாம் வட்டப் பின் சொக்கெட், என் சார்ஜரோ மூன்று சதுரப் பின். பெட்டரி பன்னிரண்டு வீதத்தில் நிற்க, சைக்கிளை எடுத்துக்கொண்டு கடை கடையாக அடப்டர் தேடினேன், அது மத்தியானச் சாப்பாட்டு நேரம், பாதிக் கடை பூட்டு. கொழும்பிலேயே இரண்டு வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

அப்புறம், டீமோடு உள்ள தொடர்பு. வேலை தொடங்கும்போது குழுவில் நாலு வரி போடுங்கள், லண்டன் நேரத்தில். 'இன்று இன்வொய்ஸ் பக்கத்தில் இரண்டு பிழை திருத்துகிறேன். 2 மணி மீட்டிங்கில் இருப்பேன். லைன் போனால் வட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள்.' முடிக்கும்போது எது முடிந்தது, எது எங்கே நிற்கிறது என்று இன்னும் மூன்று வரி. மீட்டிங்கில் முதல் இரண்டு நிமிடம் கெமராவைப் போட்டு முகம் காட்டிக் கதைத்துவிட்டு, லைன் மெதுவாக இருந்தால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், குரல் தெளிவாக வந்தால் போதும். நீங்கள் ஒன்லைனில் இருக்கிறீர்களா, பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறதா என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய தேவையே வராது. ஒரு நாள் அம்மம்மா வீட்டு முற்றத்தையும் படம் எடுத்துப் போடுங்கள், லண்டனில் இருப்பவர்களுக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கண்ணில் தெரியட்டும்.

அம்மம்மாவிடமும் சொல்லவேண்டும், அது மனேஜரைவிடக் கஷ்டம். சரியாக ஒன்றரைக்குச் சோறு போட்டு வைத்துக்கொண்டு கூப்பிடுவார். பன்னிரண்டரைக்கு அவரோடு இருந்து ஆறுதலாகச் சாப்பிடுங்கள், கதவு சாத்தியிருந்தால் நான் ஒபிஸில் நிற்கிறேன் என்று முதல் நாளே விளங்கப்படுத்துங்கள். வந்து போகும் சொந்தக்காரருக்கு அவரே சொல்லிக்கொள்வார்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் கொழும்பு ஒபிஸில், ஒருவர் மட்டும் மட்டக்களப்பிலிருந்து வேலை செய்கிறார். மீட்டிங்கில் அவர் வாயே திறப்பதில்லை. என்ன செய்யலாம்?
தெஹிவளை வாசகர்

பதில்: நீங்கள் ஐந்து பேரும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து ஒரே லெப்டொப்பில் கதைக்கிறீர்களா? அப்படியென்றால் லெப்டொப்புக்கு எட்ட இருப்பவரின் குரல் மட்டக்களப்பில் இருப்பவருக்குத் தெளிவில்லாமல்தான் வரும், இரண்டு பேர் சேர்ந்து கதைத்தால் ஒன்றுமே விளங்காது. ஒரு நாள் நீங்களே வீட்டிலிருந்து அந்த மீட்டிங்கில் சேர்ந்து பாருங்கள். ஹெட்செட்டோடு ஆளுக்கு ஒரு லெப்டொப்பில் தனித்தனியாகச் சேருங்கள், முதல் பேச்சை அவருக்குக் கொடுங்கள். மீட்டிங் முடிந்து பிளேன்டீ குடிக்கும்போது நீங்கள் ஐவரும் முடிவெடுக்கும் விஷயங்கள் இருக்கின்றனவே, அவற்றை அன்றே குழுவில் எழுதுங்கள். எழுதாத முடிவு அவருக்கு ஒரு கிழமை கழித்துத்தான் தெரியவரும், அதற்குள் அவர் பழையபடியே பாதி வேலையைச் செய்து முடித்திருப்பார்.