பெண்கள் கால்பந்து அணி ஆண்கள் கிளப்போடு சேரலாமா?

உங்கள் ஊர்ப் பெண்கள் அணியை ஆண்கள் கிளப் ஒன்று தன்னோடு சேர்த்துக்கொள்கிறேன் என்கிறது, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெர்சிக்கும் பஸ் காசுக்கும் அல்லாடும் அணி உங்களுடையது என்றே எடுத்துக்கொள்கிறேன். போங்கள். ஆனால் மைதான நேரமும் பணமும் எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

நான் தங்கச்சிமடம் பக்கம், கோல் கீப்பர். எங்கள் அணியும் ஊர் ஆண்கள் கிளப்பில் சேர்ந்ததுதான். நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கீப்பர் கிளவுஸ் என்ற ஒன்றை நான் கையில் மாட்டியதே அங்கு போன பிறகுதான். சிக்கல் ஆரம்பித்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஆம்பளைகள் எல்லாரும் கரையில் இருப்பார்கள், டோர்னமென்ட் எல்லாம் அப்போதுதான் நடக்கும். எங்களுக்கோ பள்ளி லீவும் அதே சமயம், ஒழுங்காக பிராக்டிஸ் பண்ண வருஷத்தில் கிடைப்பதே அந்த நாட்கள்தான். சாயங்காலம் மைதானம் அவர்களுக்கு, நீங்கள் மத்தியானம் ஆடிக்கொள்ளுங்கள் என்றார்கள். மே மாத மத்தியானம், பாம்பன் தீவு மணலில்! சொன்னவர் ஒரு நாள் வெறுங்காலோடு நின்று பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் நன்கொடை தரும் முதலாளி ஒருவரின் படகை இலங்கை கடற்படை பிடித்துப் போனது, பணம் நின்றது. அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் பிழைப்பே போய்விட்டது. ஆனால் கிளப் வெட்டியது எதை? எங்கள் பஸ் காசை. ஆண்களின் டோர்னமென்ட் நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய் குறையவில்லை.

இது ஊர் கிளப்பின் கதை மட்டும் இல்லை. 2023-ல் கேரளா பிளாஸ்டர்ஸ் என்ற பெரிய கிளப்பின் ஆண்கள் அணி பெங்களூரு அணிக்கு எதிரான ஆட்டத்தில் பாதியில் மைதானத்தை விட்டு வெளியேறியது, கிளப்புக்கு 4 கோடி அபராதம் விழுந்தது, அதைக் காட்டி அவர்கள் நிறுத்தி வைத்தது முந்தின வருஷம்தான் தொடங்கிய பெண்கள் அணியை. தப்பு செய்தது யார், வீட்டுக்குப் போனது யார் பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட்டே 2005-ல் பெண்கள் அணியை மூடிவிட்டு 2018-ல்தான் திரும்ப ஆரம்பித்தது.

'ஆண்கள் கிளப் பணம் இல்லாமல் பெண்கள் கால்பந்து ஏது' என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: சரிதான், மறுக்கவில்லை, கோகுலம் கேரளா பெண்கள் மூன்று முறை தொடர்ந்து இந்திய மகளிர் லீக்கை வென்றது ஆண்கள் அணி வைத்திருக்கும் கிளப்பில் இருந்துதான். ஆனால் அதற்கு முன்னால் 2019-ல் வென்றது பெண்கள் கால்பந்துக்காகவே தொடங்கிய நம்ம மதுரை சேது எஃப்சி. இங்கிலாந்தில் லூயிஸ் என்ற சின்ன கிளப் 2017-லேயே இரண்டு அணிக்கும் சமமாகச் செலவு செய்வோம் என்று அறிவித்தது. மனசு இருந்தால் முடியும். நான் ஆண்களுக்கு எதிரி இல்லை, என் அண்ணனே அந்த கிளப்பில்தான் ஸ்டாப்பர் பேக் ஆடுகிறான், இதைப் படித்துவிட்டு வீட்டில் சண்டைக்கு வருவான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. கோயில் திருவிழா டோர்னமென்டில் ஜெயித்த ஆண்கள் அணிக்கு ஃப்ரிட்ஜ், எங்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் குடம். 90 நிமிஷம் ஓடிய பிள்ளைக்குக் குடம்! அடுத்த வருஷமாவது மாற்றுங்கள் என்று கமிட்டியிடம் போய்க் கேட்டோம். மாற்றினார்கள், ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள்.